பதவி ஆசையும் பணிவிடையும்: சபைத் தலைமை பற்றி ஓர் எளிய விளக்கம்

சபைகளில் தாழ்மையைப் பற்றிப் பேசாத வாரம் இல்லை. காணிக்கைக் கணக்கைக் கேட்கிற வாலிபனிடம், "தம்பி, முதல்ல தாழ்மையைக் கத்துக்கோ" என்கிறார்கள். திருமண்டலத் தேர்தலில், அதாவது ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகத் தேர்தலில் நிற்கிறவர் தன் நோட்டீஸில் "உங்கள் தாழ்மையுள்ள ஊழியன்" என்று அச்சடிக்கிறார். படித்த, நிர்வாகம் தெரிந்த ஓர் அக்கா சேகர கமிட்டிக்கு, அதாவது உள்ளூர்ச் சபைகளின் நிர்வாகக் குழுவுக்கு நிற்க விரும்பினால், "பதவி ஆசை வந்துருச்சு" என்று பேச்சு கிளம்புகிறது. இன்னொரு பக்கம், வீட்டில் அடி வாங்குகிற பெண்ணிடம் போய், "கிறிஸ்து தாழ்மையாய் சகித்தாரே" என்று ஆலோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்படி அவரவர் வசதிக்கு ஏற்ப பேசிப் பேசி, வேதம் இதைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாமலே போய்விட்டது. தெரியாததால் இரண்டு கேடுகள் நடக்கின்றன. பதவிக்கு அலைகிறவர்கள் தாழ்மையின் பாஷையைப் பேசித் தப்பித்துக்கொள்கிறார்கள். உண்மையாகவே ஊழியம் செய்யக்கூடியவர்கள் கூசி ஒதுங்கிவிடுகிறார்கள். ஆகவே அடிப்படையிலிருந்து வருவோம். இதைப் புரிந்துகொள்ள வேதாகமக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

அசனப் பந்தியில் தொடங்குவோம்

நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகை என்றால் அசனம் உண்டு. ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். வாலிபர்கள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாளியும் கரண்டியுமாகப் பரிமாறுவார்கள்.

சாம்பார் வாளி தூக்குகிற இரண்டு பேரைக் கவனித்துப் பாருங்கள். ஒருவர் இலையைப் பார்த்துக்கொண்டே வருகிறார். கடைசி வரிசையில் ஒரு பாட்டி வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு, கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பது அவர் கண்ணில் படுகிறது. ஓடிப் போய் ஊற்றுகிறார். மறுகோடியில் ஆள் போதவில்லை என்றால் வாளியை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு அங்கே போகிறார். இரண்டாமவரும் அதே வாளியைத்தான் தூக்குகிறார், அதே வியர்வைதான். ஆனால் அவர் ஆள் பார்த்துப் பரிமாறுகிறார். ஐயரும் (சபைப் போதகரும்) கமிட்டி பெரியவர்களும் உட்கார்ந்திருக்கிற வரிசைக்கு நாலு தடவை போகிறார். பாட்டி இருக்கிற வரிசைக்கு ஒரு தடவை. வாளியை வேறு யாராவது வாங்க வந்தால் கொடுக்க மனசு வரவில்லை.

வேலையைப் பார்த்தால் இருவருக்கும் வித்தியாசமே கிடையாது. கண் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தாழ்மையான வேலையைச் செய்வதாலேயே ஒருவர் தாழ்மையுள்ளவர் ஆகிவிடுவதில்லை. கக்கூஸ் கழுவுவதைக்கூட ஒருவர் பதவிக்கான படியாக ஆக்கிக்கொள்ள முடியும்.

இந்தப் பந்தி உதாரணம் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. கடைசி இராப்போஜனத்தின்போது, தங்களில் யார் பெரியவன் என்று சீஷர்களுக்குள் வாக்குவாதம் வந்ததாக லூக்கா 22ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்போது இயேசு கேட்ட கேள்வி: "பந்தியிருக்கிறவனோ, பணிவிடை செய்கிறவனோ, எவன் பெரியவன்?" உலக வழக்கப்படி உட்கார்ந்து சாப்பிடுகிறவன்தான் பெரியவன் என்பதை அவரே ஒத்துக்கொள்கிறார். அப்புறம், தான் அவர்கள் நடுவில் பணிவிடைக்காரனைப்போல் இருப்பதாகச் சொல்கிறார்.

இனி வரப்போகிற இரண்டு சொற்களை இங்கேயே தெளிவாக்கிக்கொள்வோம். பதவி ஆசை என்று இந்தக் கட்டுரையில் சொல்வது, தேவனுடைய வேலையையும் அவருடைய ஜனங்களையும் என் பேருக்கும் இடத்துக்கும் கருவியாகப் பயன்படுத்துவதை. மனத்தாழ்மை என்பது, தேவனுக்கு முன் நான் யார் என்று சரியாகத் தெரிந்து வைத்திருப்பதால், என்னையே பார்த்துக்கொண்டிராமல் பிறருடைய தேவையைப் பார்க்க முடிகிற நிலை. பிலிப்பியர் 2:3 இந்த இரண்டையும் ஒரே வசனத்தில் எதிரெதிராக வைக்கிறது: "ஒன்றையும் வாதினாலாவது வீண் பெருமையினாலாவது செய்யாமல், மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்."

தாழ்மை என்று தவறாக நினைக்கப்படுபவை

முதலில் ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தன்னைத்தானே மட்டம் தட்டிப் பேசுவதைத் தாழ்மை என்று நினைக்கிறோம். நன்றாகப் பாடுகிறவரைப் பாராட்டினால், "எனக்கெல்லாம் ஒண்ணும் வராது" என்று சொல்ல வேண்டும் என்று பழக்கி வைத்திருக்கிறோம். பூமியிலுள்ள சகல மனிதரிலும் சாந்தகுணமுள்ளவன் என்று எண்ணாகமம் 12:3 மோசேயைச் சொல்கிறது. அந்த மோசேதான் பார்வோனுக்கு முன்னால் போய் நின்று, என் ஜனங்களைப் போகவிடு என்று கர்த்தருடைய வார்த்தையைச் சொன்னவர். மெல்லிய குரலுக்கும் குனிந்த தலைக்கும் இதில் பெரிய சம்பந்தம் இல்லை.

உரிமையைக் கேட்காமல் இருப்பதும் தாழ்மை இல்லை. பிலிப்பி பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுலையும் அவருடைய உடன் ஊழியரான சீலாவையும் விசாரணையே இல்லாமல் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில், "விட்டுவிடுங்கள்" என்று அதிகாரிகள் சேவகரை அனுப்பினார்கள். பவுல் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பவில்லை. ரோமராகிய எங்களை விசாரியாமல் வெளியரங்கமாய் அடித்துவிட்டு, இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கிறீர்களா, அவர்களே வந்து அழைத்து விடட்டும் என்று நின்றுவிட்டார் (அப்போஸ்தலர் 16:37). அதிகாரிகள் வந்துதான் அழைத்துப் போனார்கள். பிற்காலத்தில் இதே பட்டணத்துச் சபைக்குத்தான் இதே பவுல் மனத்தாழ்மையைப் பற்றிய அந்த வசனத்தை எழுதினார்.

ஆகவே, கணக்குக் கேட்பவரையும் அநியாயத்தை எதிர்ப்பவரையும் தாழ்மையின் பெயரால் வாயடைப்பதற்கு வேதத்தில் இடம் இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மண்ணில் இந்த உபதேசம் ஒடுக்கப்பட்டவர்கள் தலையில்தான் அதிகமாக ஏற்றப்பட்டிருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்கக் கோயிலில், ஒரே பீடத்தைப் பார்த்தபடி சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் உட்கார இரண்டு தனித்தனிப் பகுதிகள் இருந்தன. நடுவிலிருந்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அந்தச் சுவருக்கு அப்பால் உட்கார வைக்கப்பட்டவர்களிடம் தாழ்மையைப் பிரசங்கிப்பது, சுவிசேஷத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். இயேசு இந்தப் பாடத்தைச் சொன்ன சந்தர்ப்பங்களை எடுத்துப் பாருங்கள். உயர்ந்த இடத்தைத் தேடினவர்களிடமே அதைச் சொன்னார்.

மூன்றாவது குழப்பம், ஆசைப்படுவதே பாவம் என்பது. கண்காணிப்பை, அதாவது சபையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை விரும்புகிறவன் நல்ல வேலையை விரும்புகிறான் என்று 1 தீமோத்தேயு 3:1 சொல்கிறது. கவனியுங்கள், 'நல்ல வேலை' என்கிறது. வேலையை விரும்புவது ஒன்று, நாற்காலியை விரும்புவது வேறொன்று.

சுருக்கமாக: தன்னை மட்டம் தட்டுவது, வாயை மூடிக்கொள்வது, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது ஆகிய மூன்றையும் தாழ்மைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

யாக்கோபும் யோவானும் கேட்டது

மாற்கு 10ஆம் அதிகாரத்துக்கு வருவோம். எருசலேமுக்குப் போகும் வழி. தன்னைப் பரியாசம்பண்ணி, வாரினால் அடித்து, கொலை செய்வார்கள் என்று இயேசு மூன்றாவது தடவையாகச் சொல்லி முடித்திருக்கிறார். அதற்கு அடுத்த பேச்சே, செபெதேயுவின் குமாரரான யாக்கோபும் யோவானும் வந்து கேட்கிற வரம்தான்: உம்முடைய மகிமையிலே எங்களில் ஒருவன் வலதுபாரிசத்திலும் ஒருவன் இடதுபாரிசத்திலும் உட்கார வேண்டும். மத்தேயுவில் அவர்களுடைய தாயார் வந்து கேட்கிறார்.

மற்றப் பத்துப் பேருக்கும் கோபம் வந்தது. அவர்கள் தாழ்மையுள்ளவர்களாக இருந்ததால் வந்த கோபமாக அது தெரியவில்லை. தாங்கள் கேட்பதற்குள் இவர்கள் முந்திக்கொண்டார்கள் என்ற எரிச்சலாகத்தான் படுகிறது. கொஞ்ச நாள் முன்னால்தான், கப்பர்நகூமுக்கு வரும் வழியில், தங்களில் எவன் பெரியவன் என்று எல்லாருமாகத் தர்க்கம் பண்ணியிருந்தார்கள் (மாற்கு 9:34). ஒருவருடைய பதவி ஆசையைப் பார்த்து நமக்குக் கோபம் வந்தால், அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இயேசு பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: புறஜாதிகளின் அதிகாரிகள் தங்கள் ஜனங்களை இறுமாப்பாய் ஆளுகிறார்கள், "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது; உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்." பெரியவனாக விரும்பாதே என்று அவர் சொல்லவில்லை. விரும்பினால் இப்படி வா என்று வேறொரு வழியைக் காட்டுகிறார். அடுத்து அந்த வழியில் தானே முன்னால் நடப்பதாகச் சொல்கிறார்: "மனுஷகுமாரனும் ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும், அநேகரை மீட்கும்பொருளாகத் தம்முடைய ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்."

மாற்கு சுவிசேஷத்தில் இந்த வலது இடதுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. சிலுவையில் அறையப்பட்ட வேளையில், அவருடைய வலதுபக்கத்தில் ஒருவனும் இடதுபக்கத்தில் ஒருவனுமாக இரண்டு கள்ளர் இருந்தார்கள் என்று 15:27 சொல்கிறது. நீங்கள் கேட்டுக்கொள்கிறது இன்னது என்று உங்களுக்குத் தெரியவில்லை என்று அந்த இரண்டு சகோதரரிடம் இயேசு சொன்னதன் கனம் அங்கேதான் புரிகிறது.

பிலிப்பிக்காரர் ஏறிய படிக்கட்டு

பவுலின் வசனம் ஏன் அந்த ஊருக்குக் குறிப்பாகப் போயிற்று என்று தெரிந்தால் விஷயம் இன்னும் ஆழமாக விளங்கும்.

பிலிப்பி மக்கெதோனியாவில், இன்றைய வட கிரேக்க நாட்டில் இருந்த பட்டணம். கி.மு. 42இல் அங்கே நடந்த பெரிய யுத்தத்தில் ஆன்டனியும் ஒக்டேவியனும் ஜூலியஸ் சீசரைக் கொன்றவர்களான புரூட்டஸையும் காசியஸையும் தோற்கடித்தார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களுக்கு அங்கே நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். அதனால்தான் வேதாகமம் அதை "ரோமர் குடியேறினதுமான பட்டணம்" என்கிறது. ரோமாபுரியின் சட்டம், ரோமாபுரியின் பாஷை, ரோமாபுரியின் பெருமை எல்லாம் அங்கே இருந்தன.

அந்தப் பெருமைக்கு ஒரு முறை இருந்தது. ரோம உயர்குடியினர் ஒரு சின்ன அரசுப் பதவியில் தொடங்கி, படிப்படியாக அடுத்தடுத்த பதவிக்கு ஏறுவார்கள். இதை கௌரவப் படிக்கட்டு என்று சொல்லலாம். பிலிப்பி மாதிரியான ஊர்களில் உள்ளூர்ப் பெரியவர்களும் அதையே நகலெடுத்தார்கள். வகித்த பதவிகளையெல்லாம் கல்லில் வெட்டி, பொது இடத்தில் வைத்தார்கள். நம் ஊர்க் கோயில்களின் சுவரில் பதித்த கல்வெட்டில், உபயம் செய்தவர் பேரைவிடக் கமிட்டியார் பேர் பெரிதாக இருப்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அந்த ஊரில் வாழ்ந்து, அந்தக் காற்றைச் சுவாசித்த சபையாருக்குப் பவுல் ஒரு எதிர்ப் படிக்கட்டைக் காட்டுகிறார். கிறிஸ்து தேவனுடைய ரூபமாயிருந்தார், அது மேல்படி. தேவனுக்குச் சமமாயிருப்பதைக் "கொள்ளையாடின பொருளாக எண்ணாமல்" தம்மை வெறுமையாக்கினார். அடிமையின் ரூபமெடுத்தார், மனுஷர் சாயலானார். இன்னும் கீழே, மரணபரியந்தமும் கீழ்ப்படிந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிற கடைசிப் படி, "சிலுவையின் மரணபரியந்தமும்". ரோமக் குடிமகனைச் சிலுவையில் அறைவதில்லை. அது அடிமைக்கும் கலகக்காரனுக்கும் வைத்த சாவு. பிலிப்பியில் அதைவிடக் கேவலமான ஓர் இடத்தைக் கற்பனை செய்திருக்க முடியாது.

இந்த இறக்கத்துக்கு இறையியலில் தன்வெறுமையாக்கம் என்று பெயர். இருக்கிற உயர்வைத் தன் சுகத்துக்குப் பிடித்து வைத்துக்கொள்ளாமல், பிறருக்காக விட்டு இறங்குவது என்பது அதன் பொருள். இறங்குவதற்கு முதலில் உயரம் இருக்க வேண்டும். ஏற்கெனவே மிதிபட்டுக் கீழே கிடப்பவரிடம் இந்த வசனத்தைக் காட்டி, இன்னும் கொஞ்சம் இறங்கு என்று சொல்வது ஏன் தவறு என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

பவுல் தானும் அதைச் செய்து காட்டுகிறார். அதே நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில் தன் பெருமைப் பட்டியலை ஒன்றுவிடாமல் எழுதுகிறார்: எட்டாம் நாளில் விருத்தசேதனம், பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன், பரிசேயன். எழுதி முடித்து, லாபமாயிருந்தவைகளையெல்லாம் கிறிஸ்துவுக்காக நஷ்டமென்று எண்ணினேன் என்கிறார்.

உள்ளே நடப்பது என்ன?

சரி, இறங்கு என்று சொன்னவுடன் யாராலும் இறங்கிவிட முடிகிறதா? இங்கேதான் இந்த விஷயத்தின் மையமே இருக்கிறது. பதவி ஆசையை நாம் பெருமையின் பிள்ளை என்று மட்டும் நினைக்கிறோம். என் பார்வையில் அது பெரும்பாலும் பயத்தின் பிள்ளை. மதிப்பு என்பது அளவாகத்தான் இருக்கிறது, அவனுக்குப் போனால் எனக்குக் குறைந்துவிடும், இந்த இடம் போனால் நான் யாருமில்லை என்கிற பயம். அந்தப் பயம் இருக்கும்வரை இடத்தை இறுகப் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். எவ்வளவு பிரசங்கம் கேட்டாலும் கை தானாகத் திறக்காது.

யோவான் 13இல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். அதற்கு முந்தின வசனத்தை நாம் பெரும்பாலும் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். பிதா எல்லாவற்றையும் தம்முடைய கையில் ஒப்புக்கொடுத்தாரென்பதையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்ததையும், தேவனிடத்திற்குப் போகிறதையும் அவர் அறிந்து எழுந்தார் என்று இருக்கிறது. அப்புறம்தான் மேலாடையைக் கழற்றி, ஒரு சீலையை அரையில் கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் வார்க்கிறார். தான் யார் என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அந்த நிச்சயம் இருந்ததால், புழுதி படிந்த கால்களுக்கு முன் குனிவதில் அவருக்கு இழப்பு எதுவும் இல்லை. அவரைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாஸின் கால்களும் அந்தப் பந்தியில்தான் இருந்தன.

கிறிஸ்தவ நம்பிக்கை சொல்கிற வழி இதுதான். நான் தேவனுடைய பிள்ளை, எனக்கான மதிப்பு ஏற்கெனவே கொடுக்கப்பட்டாயிற்று என்று ஒருவர் உண்மையாக நம்பும்போது, மதிப்பைத் தேடி மனிதரிடம் அலைகிற வேலை முடிந்துபோகிறது. அப்போது கண்ணுக்கு ஓய்வு கிடைக்கிறது. தன்னைச் சுற்றி யாருக்கு என்ன தேவை என்று பார்க்க நேரம் வருகிறது. பணிவிடை அங்கிருந்துதான் பிறக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிற தாழ்மை ரொம்ப நாள் நிற்காது. பாராட்டு வராத அன்றைக்கு அது கசப்பாக மாறிவிடும்.

இதுவரை பார்த்தது: பதவி ஆசை பயத்தில் பிடித்துக்கொள்கிறது. மனத்தாழ்மை நிச்சயத்தில் விட்டுக்கொடுக்கிறது. வெளியே தெரிகிற வேலை இரண்டிலும் ஒரேமாதிரி இருக்கலாம்.

பர்னபாவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்

புதிய ஏற்பாட்டில் இதற்கு எனக்கு மிகப் பிடித்த மனிதர் பர்னபா. சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியன். தன் நிலத்தை விற்று, பணத்தை அப்போஸ்தலருடைய பாதத்தில் வைத்தவராக அப்போஸ்தலர் 4இல் அறிமுகமாகிறார். சவுல் (பின்னாளில் பவுல் என்று அழைக்கப்பட்டவர்) மனந்திரும்பி எருசலேமுக்கு வந்தபோது, சபையைத் துன்பப்படுத்தினவன் என்று எல்லாரும் பயந்து ஒதுங்கினார்கள். பர்னபாதான் அவரைச் சேர்த்துக்கொண்டு அப்போஸ்தலரிடம் கூட்டிப்போய், அவருக்காகப் பேசினார்.

அப்புறம் அந்தியோகியாவில் புறஜாதியார் ஏராளமாக விசுவாசித்தார்கள். எருசலேம் சபை பர்னபாவை அங்கே அனுப்பியது. யோசித்துப் பாருங்கள், வளர்கிற சபை, மேலிடத்தின் அங்கீகாரம், கேள்வி கேட்க ஆள் இல்லை. பேரெடுக்க நினைக்கிறவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வராது. பர்னபா என்ன செய்தார்? தர்சுவுக்குப் போய்ச் சவுலைத் தேடிப் பிடித்து, அந்தியோகியாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தன்னைவிட நன்றாகப் பேசக்கூடிய, தன்னைவிடப் படித்த ஆளைத் தேடிப் போய்க் கூட்டிவந்தார். இருவருமாக ஒரு வருஷம் உபதேசித்தார்கள். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பேர் முதலில் அந்த ஊரில்தான் வழங்கியது.

13ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பேர்களின் வரிசையைப் பாருங்கள். ஐந்து பேரில் பர்னபா முதலில், சவுல் கடைசியில். பரிசுத்த ஆவியானவர் அவர்களைப் பிரித்தெடுக்கும்போதும் 'பர்னபாவையும் சவுலையும்' என்றுதான் இருக்கிறது. அதே அதிகாரம் 13ஆம் வசனத்தில் 'பவுலும் அவனைச் சேர்ந்தவர்களும்' என்று மாறிவிடுகிறது. பர்னபாவின் பேர்கூட அங்கே தனியாக இல்லை. அதன்பிறகு பெரும்பாலும் பவுலும் பர்னபாவும்தான். அறிமுகப்படுத்திய ஆள் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டார். இதற்காக அவர் ஒரு வார்த்தை முறையிட்டதாகவோ, பயணத்தை நிறுத்தியதாகவோ லூக்கா எழுதவில்லை.

அதே பர்னபா, தேவைப்பட்டபோது பவுலோடு மோதவும் செய்தார். முதல் பயணத்தில் பாதியில் திரும்பிப்போன மாற்கை மறுபடியும் கூட்டிப்போக வேண்டும் என்று பர்னபா விரும்பினார். பவுல் மறுத்தார். அப்போஸ்தலர் 15 சொல்கிறபடி, ஒருவரைவிட்டு ஒருவர் பிரிகிற அளவுக்குக் கடுங்கோபம் மூண்டது. தன் இடத்துக்காகப் பேசாதவர், ஒரு தோற்றுப்போன வாலிபனுக்காக விட்டுக்கொடுக்காமல் நின்றார். மாற்கைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். அத்தோடு அப்போஸ்தலர் நடபடிகளில் அவர் கதை நின்றுவிடுகிறது. பல வருஷம் கழித்து, 2 தீமோத்தேயு 4:11இல் மாற்கைக் கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறது பவுலின் கைதான்.

ஊழியமே அதிகாரமாக மாறும்போது

இன்னொரு சிக்கல் உண்டு. நிஜமாகவே தியாகம் செய்கிற ஒருவர்கூட, உதவி பெறுகிறவரைத் தனக்குக் கீழேயே வைத்திருக்க முடியும். இதை உலகச் சபைக்கு முகத்துக்கு நேராகச் சொன்னவர் நம் ஊர்க்காரர்.

வி.எஸ். அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். பிறகு நல்ல வேலையை விட்டுவிட்டு, அந்தச் சங்கத்தின் மிஷனெரியாகத் தானே நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கலுக்குப் போய், தெலுங்கு படித்து, கிராமங்களில் ஊழியம் செய்தார். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. 35 வயதான அசரியா அங்கே வெளிநாட்டு ஊழியரும் உள்ளூர் ஊழியரும் பழகும் முறையைப் பற்றிப் பேசினார். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். 1 கொரிந்தியர் 13ஐ அவர் அப்படியே அவர்கள் முன் வைத்துவிட்டார். அரங்கில் பலருக்கு அது கசந்தது. 1912இல் அவரே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

கொடுக்கிறவர் எப்போதும் கொடுக்கிறவராகவே இருந்து, பெறுகிறவர் பக்கத்து நாற்காலிக்கு வரவே முடியாதென்றால், அங்கே ஊழியம் ஆளுகையாக மாறத் தொடங்கிவிட்டது. நம் சபைகள் வடநாட்டுக்கும் மலைப்பகுதிகளுக்கும் ஊழியரை அனுப்பும்போதும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் குறிக்கோள் வாக்கியம் மாற்கு 10:45இலிருந்து எடுத்ததுதான்: ஊழியங்கொள்ள அல்ல, ஊழியஞ்செய்ய. 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு மருந்தகம் தொடங்கிய ஐடா ஸ்கடர், 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார். பின்னாளில் அரசு விதி மாறி, அதைப் பட்டப்படிப்பாக உயர்த்தியே ஆக வேண்டிய கட்டாயம் வந்தது. ஆண்களையும் சேர்த்த கல்லூரியாக மாற்றினால்தான் அதற்கு வேண்டிய ஆதரவு திரளும் என்ற நிலை. தொடக்கத்திலிருந்து அவரோடு நின்ற அமெரிக்க ஆதரவாளர்களிலேயே சிலர் கடுமையாக எதிர்த்தார்கள். வாழ்நாள் கனவின் வடிவம் மாறுவதற்கு ஐடா இசைந்தார். 1947இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். பதவியை விடுவதைவிட, தான் நினைத்த மாதிரியேதான் நடக்க வேண்டும் என்பதை விடுவது கடினம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால், கமிட்டிக்கு நிற்கலாமா?

தாராளமாக நிற்கலாம். பொறுப்புக்கு வரத்தக்கவர்கள் ஒதுங்கினால் இடம் காலியாக இருக்கப்போவதில்லை. அங்கே வந்து உட்காரக் காத்திருக்கிறவரைப் பற்றி 3 யோவான் எச்சரிக்கிறது. தியோத்திரேப்பு என்கிற அந்தச் சபைத் தலைவர் "முதன்மையாயிருக்க" விரும்பினார். யோவானை ஏற்றுக்கொள்ளவில்லை, பொல்லாத வார்த்தைகளை அலப்பினார், வந்த சகோதரரைச் சேர்த்துக்கொள்ளவில்லை, சேர்க்க நினைத்தவர்களையும் தடுத்துச் சபையைவிட்டு வெளியே தள்ளினார். அவருடைய உபதேசம் தப்பு என்று யோவான் ஒரு வரிகூட எழுதவில்லை. உபதேசம் சரியாக இருக்கிற சபையிலும் இது நடக்கும்.

நிற்கிறவர் தன் மனதைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். சோதிக்கட்டும், நல்லதுதான். ஆனால் மனது நம்மை ஏமாற்றும். அதனால் வெளியே தெரிகிற காரியங்களிலும் கொஞ்சம் ஏற்பாடு செய்துகொள்வது பாதுகாப்பு. இந்தப் பொறுப்புக்கு அடுத்து யாரைப் பழக்குகிறேன்? என் தவணை முடிந்தால் மனைவியையோ மகனையோ நிறுத்தாமல் இறங்க முடியுமா? ஓட்டுக் கேட்டுப் போகும்போது யாருடைய சாதியைச் சொல்லி, யாருக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிக் கேட்கிறேன்? என்னைக் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரையாவது பக்கத்தில் வைத்திருக்கிறேனா?

பணக் காரியத்தில் பவுலே வழிகாட்டியிருக்கிறார். எருசலேமிலிருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்காகப் பல சபைகளில் தர்மப்பணம் சேர்த்தார். அதைத் தன் கையில் மட்டும் கொண்டுபோக அவர் சம்மதிக்கவில்லை. சபைகள் தெரிந்துகொண்ட வேறொரு சகோதரன் கூடவே வர வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். யாரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் 8:20, 21இல் காரணமும் எழுதினார். "கர்த்தருக்குத் தெரியும்" என்று சொல்லிக் கணக்குப் புத்தகத்தை மூடிவைக்க அப்போஸ்தலனுக்கே மனசு வரவில்லை. புதிதாகப் பொறுப்பேற்கிற கமிட்டி, முதல் கூட்டத்திலேயே வரவு செலவை ஆலயப் பலகையில் மாதாமாதம் ஒட்டுவது என்று தீர்மானம் போட்டுவிடலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.